கூப்பிட்ட குரலுக்கு

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கரண்டம்மா என்று பெயர். நேரில் மேடம், முதுகுக்குப் பின்னால் கரண்டம்மா. அது அவளுக்கும் தெரியும், அதில் வருத்தமும் இல்லை. டாக்டர் பட்டம் வாங்கியவள்தான், ஆனால் ஊசி போடத் தெரியாது. "என் பொண்ணு டாக்டர்தான், ஆனா காய்ச்சல் தலைவலின்னு இவகிட்ட வந்துடாதீங்க" என்று அவளுடைய அம்மாவே அக்கம்பக்கத்தில் எச்சரித்து வைத்திருந்தாள்.

அவள் வேலை இதுதான். தலையில் அடிபட்டோ ரத்தக்குழாய் வெடித்தோ, மாதக்கணக்கில் நினைவில்லாமல் கிடப்பவர்களின் தலையில் பசை தடவி ஒயர்களை ஒட்டுவாள். மூளைக்குள் ஓடும் மின்சாரம் திரையில் கோடுகளாக நெளியும். அதை வைத்துக்கொண்டு, உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். சொல்வதற்கு எவ்வளவு லேசாக இருக்கிறது பாருங்கள்! அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போகிறவர்களைப் பார்த்தால்தான் அது என்ன வேலை என்று புரியும்.

இந்த வேலைக்கு அவள் வந்ததே ஒரு கூத்து. படித்ததெல்லாம் இயற்பியல். பல்கலைக்கழகத்தின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத ஒரு அறையில், நகக்கண் அளவு படிகம் ஒன்றை உறைய வைத்து, அதன்மேல் லேசர் வெளிச்சத்தை விட்டு விட்டு அடித்து, அது என்ன பதில் சொல்கிறது என்று பார்த்துக்கொண்டே இளமையைக் கழித்தாள். பதில் மிக மிகச் சின்னது. சுற்றிலும் ஏகப்பட்ட இரைச்சல், பக்கத்து அறை மோட்டார் ஓடினால்கூட கோடு ஆடும். அதற்கு ஒரு வழி உண்டு. ஆயிரம் தடவை அடி, ஆயிரம் பதிலையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுச் சராசரி எடு. இரைச்சல் கண்டபடி வருவதால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒழிந்துபோகும், பதில் மட்டும் நிமிர்ந்து நிற்கும். படிகம் ஒழுங்கான பிள்ளை அல்லவா? எத்தனை தடவை கேட்டாலும் அதே நேரத்தில் அதே பதிலைச் சொல்லும்.

"ஒரு தடவை வந்ததை நம்பாதே, சராசரியில் நிற்பதை நம்பு." அந்த அடித்தள அறையில் எல்லோருக்கும் இதுதான் வேதம். அவளுக்கு இது ரத்தத்தில் ஊறிப்போயிற்று.

பிறகு ஒருநாள், ஏதோ கருத்தரங்கில் கதவு மாறி அடுத்த கூடத்துக்குள் நுழைந்துவிட்டாள். அங்கே ஒருவர் மூளை அலைகளைத் திரையில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். அட, நம்ம சாமான்தானே இது! அதே கோடு, அதே இரைச்சல், அதே சின்னப் பதில். இந்த டாக்டர்கள் என்னவோ கைரேகை பார்ப்பதுபோல் கோடுகளை முறைத்து முறைத்துப் பார்க்கிறார்களே, நம்மாட்கள் நாலு பேர் உள்ளே இறங்கினால் கொஞ்ச வருஷத்தில் மொத்தத்தையும் முடித்துவிட மாட்டோமா என்று நினைத்தாள். இயற்பியல்காரர்களுக்கு இந்தத் திமிர் கூடப்பிறந்தது. தன்னிடமும் அது மூட்டை மூட்டையாக இருந்ததை அவள் அப்போது அறியவில்லை.

மறுபடி மாணவியானாள். தன்னைவிடப் பத்து வயது குறைந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து மூளையின் பாகங்களை நெட்டுருப் போட்டாள். முதல் பரீட்சையில் ஊற்றிக்கொண்டது. உடற்கூறு வகுப்பில் வாளியிலிருந்து எடுத்த ஒரு மூளையை இரண்டு கையிலும் வாங்கியபோது, இவ்வளவுதானா, இதற்குள்ளா எல்லாம் என்று கண் கலங்கிப்போனாள். அவளுடைய அண்ணன்தான் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏன்டி, முழுசாப் படிச்சு முடிச்சவளைத் திரும்பவும் ஒண்ணாங்கிளாஸ்ல போட்டுட்டாங்களா? என்ன தப்புடி பண்ணே?"

அண்ணன் லிப்ட் மெக்கானிக். இரண்டு வயதுதான் மூத்தவன், அதனால் மரியாதை என்கிற பேச்சுக்கே இடமில்லை. அவளுக்கு அவன் டேய் அண்ணா. கை முழுக்க கிரீஸ், வாய் முழுக்க கேலி. தாமதமாகக் கல்யாணம் செய்துகொண்டான். வந்த அண்ணி அவளைவிட வயதில் சின்னவள், தையல் கடையில் வேலை. வயதுக்கு இவள் பெரியவள், முறைக்கு அவள் பெரியவள். யார் யாரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் இருவரும் மாற்றி மாற்றி 'நீங்க' போட்டுக்கொண்டார்கள். "ரெண்டு கலெக்டருங்க பேசிக்கற மாதிரி இருக்கு" என்பான் அண்ணன்.

அவன் ஒரு கட்டடத்தில் லிப்ட் குழிக்குள் விழுந்தான். மேலே நின்று வேலை பார்க்கப் போட்டிருந்த பலகை விட்டுவிட்டது. உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். கொஞ்ச நாளில் கண்ணும் திறந்தது. ஆனால் அந்தப் பார்வை யார்மேலும் நிற்கவில்லை. எதிரே ஆள் வந்தாலும் போனாலும் சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

பெரிய டாக்டரம்மா, அதாவது நரம்பியல் பிரிவின் தலைவி, "நீங்க சோதனை பண்ண வேண்டாம், உங்க சொந்த அண்ணன். வெளியில இருந்து யாரையாவது கூப்பிடலாம்" என்றாள். இவள் கேட்கவில்லை. என் அண்ணனை இன்னொருத்தர் தொடுவதா? தவிர, தன் கணக்குக்குச் சொந்தம் பந்தம் தெரியாது என்று பெருமையாகவே சொன்னாள். நாட்டிலேயே இவ்வளவு சுத்தமான கருவி வேறு யாரிடமும் இல்லை என்பதால் டாக்டரம்மாவும் விட்டுவிட்டாள்.

சோதனைக்கு ஒரு குரல் வேண்டும். நோயாளிக்கு நெருங்கியவர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அதைப் பதிவு செய்து, அறிமுகமில்லாதவர்களின் குரலோடு கலந்து காதில் போட வேண்டும். தன்னவர் குரலை உள்ளே இருக்கும் ஆள் அடையாளம் கண்டால் மூளையில் ஒரு சின்ன அலை எழும். அண்ணியை ஒலிவாங்கி முன்னால் உட்கார வைத்ததும் அவள் முகம் சிவந்துபோயிற்று.

"பேர் சொல்லிக் கூப்பிடணுமா? ஐயையோ, கட்டிக்கிட்ட நாள்ல இருந்து நான் பேர் சொன்னதே இல்லைங்களே."

"பின்ன எப்படித்தான் கூப்பிடுவீங்க?"

"என்னங்கன்னுதான்."

ஆக, அதுவே ஆயிற்று. அண்ணி நூறு விதமாய் 'என்னங்க' சொன்னாள். வார்டு நர்ஸுகளும் சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு 'என்னங்க' சொன்னார்கள். அந்தத் துக்கத்திலும் அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள்.

சோதனை நடந்தது. அவள் எப்போதும்போல் கூப்பிட்ட நேரத்தை ஒரே கோட்டில் நிறுத்தி, எல்லாப் பதிலையும் சேர்த்துச் சராசரி எடுத்தாள். தட்டை. காதில் சத்தம் விழுந்ததற்கான துள்ளல் ஆரம்பத்தில் இருந்தது, அதற்குப் பிறகு நர்ஸுகளின் குரலுக்கும் தட்டை, அண்ணியின் குரலுக்கும் தட்டை. ஒவ்வொரு தடவையும் என்ன வந்தது என்று தனித்தனியாகப் பார்க்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. "முதல்ல கண்ணால பாருங்கம்மா, அப்புறம் கணக்குப் போடுங்க" என்று டாக்டரம்மா பல தடவை சொல்லியிருக்கிறாள். அதெல்லாம் கைரேகைக்காரர்கள் பேச்சு என்று விட்டிருந்தாள். அதுவும் இது அண்ணன் தலையிலிருந்து வந்த கோடு. அதை ஒவ்வொன்றாய் உற்றுப் பார்க்கிற தெம்பும் அவளுக்கு இருக்கவில்லை.

"சத்தம் காதுல விழுது" என்று வீட்டாரிடம் சொன்னாள். "ஆனா உள்ள வாங்கிக்க ஆள் இல்ல." அம்மா சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அண்ணி அழவில்லை. "நிச்சயமாங்களா?" என்று மட்டும் கேட்டாள். நிச்சயம் என்றாள் இவள்.

அந்த ஒரு வார்த்தை அண்ணன் கிடந்த அறையையே மாற்றிவிட்டது. அண்ணனை நெடுநாள் வார்டில் ஒரு தனி அறைக்கு மாற்றியிருந்தார்கள். வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்த ஒரு ஜன்னல், மூக்கில் குழாய், முதுகு புண்ணாகாமல் இருக்கக் காற்று மெத்தை. முதலில் எல்லோரும் அங்கே தணிந்த குரலில்தான் பேசினார்கள். கேட்கிற ஆள் இல்லையென்று ஆனபிறகு எதற்கு அடக்கம்? வீட்டில் வைத்துப் பேச முடியாததை எல்லாம் அங்கே பேசினார்கள். உலகத்தில் யார் காதிலும் விழாத இடம் அது ஒன்றுதானே! அம்மா வரும்போதெல்லாம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எதுக்குடா கண்ணா இப்படிக் கிடக்கறே, போய்ச் சேர்ந்துடேன்டா, எங்களையும் விட்டுடேன்டா" என்று வாய்விட்டு அழுதாள். மாமாக்கள் வந்தார்கள், இப்படியே எத்தனை நாள் இழுக்கும் என்று அவன் தலைமாட்டிலேயே நின்று கேட்டார்கள்.

ஒருநாள் மத்தியானம் அண்ணி அவன் கை நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். இவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். அண்ணி தலையை நிமிர்த்தாமலேயே பேச்செடுத்தாள். கடையில் துணி வெட்டும் மாஸ்டர், பெண்சாதியைப் பறிகொடுத்தவர், மரியாதையான மனுஷன், கட்டிக்கறீங்களா என்று கேட்கிறார். அவசரமில்லை, யோசித்துச் சொன்னால் போதும் என்கிறார்.

"நான் இதை உங்ககிட்டப் பேசறதே தப்புதான். ஆனா வேற யார்கிட்ட பேசுவேன்? எனக்கு ராத்திரியானா பயமா இருக்குங்க. இப்படியே வயசாயிடுமோன்னு பயமா இருக்கு."

அண்ணிமேல் இவளுக்கு உண்மையான பாசம். அதனால் பாசத்தோடுதான் சொன்னாள். "அண்ணி, இங்க படுத்திருக்கறது வெறும் உடம்பு. உங்களைக் கட்டிக்கிட்டவன் அந்தக் குழியிலேயே போயிட்டான். இது எனக்குத் தெரியும், இதுதான் என் தொழிலே. நீங்க மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க. மாஸ்டர்கிட்ட சரின்னு சொல்லுங்க."

அண்ணி அடுத்த விரலைப் பிடித்து நகத்தை வெட்டினாள். வெட்டி முடித்து அந்தக் கையை மெதுவாகப் போர்வைக்குள் வைத்தாள். அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறோம் என்கிற எண்ணம் இரண்டு பேருக்கும் துளிகூட வரவில்லை.

பிறகு வக்கீலைப் பார்த்தார்கள். விவாகரத்து மனு தயாராயிற்று. அண்ணி கையெழுத்துப் போடுவது ஒன்றுதான் பாக்கி. மாஸ்டர் ஒருதடவை பழத்தோடு வந்து, வாசலிலேயே நின்று, உள்ளே வரக் கூச்சப்பட்டுத் திரும்பிப் போனார்.

அந்தச் சமயத்தில்தான் தலைமையாசிரியை விழித்துக்கொண்டாள்.

அவள் ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியை. மூளையில் ரத்தக்கசிவு, அதே வார்டு. அவளுக்கும் நம் கரண்டம்மா சோதனை செய்து, தட்டை என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அப்படிப்பட்டவள் திடீரென்று கண்ணைத் திருப்பி, பிறகு விரலை அசைத்து, பிறகு குழறிக் குழறிப் பேசவே ஆரம்பித்துவிட்டாள். ஆஸ்பத்திரியே திரண்டு வந்து வேடிக்கை பார்த்தது. இவளும் போனாள், சந்தோஷமாகத்தான் போனாள். ஒயர் ஒட்டியவள் என்று மகள் அறிமுகப்படுத்தியதும் தலைமையாசிரியையின் முகம் கடுகடுத்தது.

"நீதானா அது? ஏம்மா, கொஞ்சமாவது பொறுமை வேண்டாமா? என் பொண்ணு அம்மா அம்மான்னு கூப்பிடறா. என்னடீன்னு கேக்க நான் எங்கயோ கிணத்துக்குள்ள இருந்து ஏறி வரணும். ஒரு சமயம் சீக்கிரம் வருவேன், ஒரு சமயம் லேட்டாகும். வந்து சேர்றதுக்குள்ள அடுத்த அம்மா! பிள்ளைங்ககிட்ட நான் இப்படிக் கேள்வி கேட்டதே இல்லை."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். இவளும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஒரு சமயம் சீக்கிரம், ஒரு சமயம் லேட்டு. படிகம்தான் ஒழுங்கான பிள்ளை. அடிபட்ட மூளை அப்படி அல்லவே! ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு நேரத்தில் பதில் சொன்னால், அத்தனையையும் சேர்த்துச் சராசரி எடுக்கும்போது பதிலும் இரைச்சலோடு சேர்ந்து ஒழிந்துபோகும். நேரத்துக்கு வராத பஸ்ஸையெல்லாம், பஸ்ஸே வரவில்லை என்று எழுதிவைத்திருக்கிறாள். அதுவும் எத்தனை பேருக்கு!

தன் அறைக்கு ஓடிவந்து கதவைத் தாழிட்டாள். முதலில் தலைமையாசிரியையின் பழைய பதிவை எடுத்தாள். சராசரியைத் தூக்கி எறிந்துவிட்டு, ஒவ்வொரு கூப்பிடலையும் தனித்தனி வரியாக, ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கினாள். இருந்தது. மகள் கூப்பிட்ட வரிகளில் எல்லாம் ஒரு சின்ன மேடு, ஒன்றில் முன்னே, ஒன்றில் பின்னே, ஒன்றில் அடுத்த கூப்பிடலின்மேலேயே ஏறிக்கொண்டு. முறைத்துப் பார்க்கத் தேவையே இல்லை, யார் பார்த்தாலும் தெரியும்.

பிறகு அண்ணனுடையதை எடுத்தாள். எடுக்காமலேயே இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நர்ஸுகளின் 'என்னங்க' வரிகள் வெறுமையாக இருந்தன. அண்ணியின் 'என்னங்க' வரிகளில், முன்னும் பின்னுமாக, தட்டுத் தடுமாறி, ஆனால் ஏறக்குறைய எல்லாவற்றிலும், மேடு இருந்தது. பெண்சாதி கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் அவன் வந்திருக்கிறான். எங்கிருந்தோ ஏறி ஏறி வந்திருக்கிறான். வந்து நின்றவனை ஆள் இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தியது அவன் கூடப்பிறந்தவள். அவள் மேசைமேல் தலையை வைத்துக்கொண்டு, "அடிப்பாவி, அடிப்பாவி" என்று தன்னையே திட்டிக்கொண்டு அழுதாள். அம்மாவின் ஒப்பாரி, மாமாக்களின் பேச்சு, வாசலில் பழத்தோடு நின்ற மாஸ்டர், நகம் வெட்டிய மத்தியானம் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அத்தனையும் அவன் காதில் விழுந்திருக்கிறது. வெறும் உடம்பு என்று அவள் சொன்னதும் விழுந்திருக்கிறது.

ஆனாலும் பழைய பதிவை வைத்துக்கொண்டு இன்றைக்கு எதையும் சொல்லக்கூடாது. மறுநாள் காலை ஒயர்களை எடுத்துக்கொண்டு அவன் அறைக்குப் போனாள். "டேய் அண்ணா, நான்தான்டா. இந்தத் தடவை அவசரப்பட மாட்டேன்" என்று காதோரம் சொன்னாள். ஒரு கூப்பிடல், பிறகு நீண்ட காத்திருப்பு. அப்படியே போனாள்.

போனில் கிடந்த பழைய பதிவிலிருந்து வெட்டியெடுத்த அம்மாவின் 'கண்ணா'வுக்குப் பதில் வந்தது. இவளுடைய 'டேய் அண்ணா'வுக்கும் வந்தது, தாமதமாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல். கண்ணீர் வழிய வழிய அண்ணியின் 'என்னங்க'வைப் போட்டாள்.

ஒன்றுமில்லை.

திரும்பப் போட்டாள். வரிசையை மாற்றிப் போட்டாள். மறுநாள் போட்டாள். அண்ணி முன்பு அண்ணனுக்கு அனுப்பியிருந்த வேறு குரல் பதிவுகளை அவன் போனிலிருந்து எடுத்துப் போட்டாள். வரி வரியாக, கண்ணால், ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மற்றவர்களுக்கு ஏறி வருகிறவன், அண்ணியின் குரலுக்கு மட்டும் வரவில்லை. கேட்டுக் கேட்டு மூளைக்குச் சலித்திருக்கலாம். அந்தக் குரலை வைத்திருந்த இடம் இதற்குள் பழுதாகியிருக்கலாம். கட்டுரை எழுத உட்கார்ந்தால் இன்னும் இரண்டு காரணம் சொல்லலாம், நாலும் நியாயமான காரணங்கள். ஐந்தாவதை எந்தக் கட்டுரையிலும் எழுத முடியாது. அது தங்கச்சிக்கு மட்டும் தோன்றுவது.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். டாக்டரம்மா அவளைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. அவளும் அந்தத் தட்டைக் கோட்டை நம்பிக் கையெழுத்துப் போட்டவள்தான். "மத்த நோயாளிங்க பதிவு எல்லாத்தையும் வெளியே எடுங்க, ஒண்ணு விடாம பார்ப்போம்" என்றவள், கொஞ்சம் தயங்கி, "வீட்டுக்கு நான் சொல்லட்டுமா?" என்றாள்.

"வேண்டாம். நானே சொல்றேன்."

சொல்லாமல் விட்டால்தான் என்ன என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அண்ணி வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடுகிறாள். போட்டுவிட்டால் அவளுக்கு ஒரு வீடு, ஒரு மனுஷன், பயமில்லாத ராத்திரி. சொன்னால் இந்தக் கட்டிலோடு அவளையும் சேர்த்துக் கட்டிப்போட்டது போல ஆகும். சொல்லாவிட்டால் உள்ளே இருக்கிறவன் அனாதை. எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது ஒருத்தர் கழுத்தை அறுக்க வேண்டும், கத்தி இவள் கையில் இருக்கிறது.

வியாழக்கிழமை அண்ணி வழக்கம்போல் கடைவேலை முடித்து வந்தாள். தோள்பையை வைத்துவிட்டு, புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, அவனுக்கு முகம் துடைக்கத் துணியை நனைத்தாள்.

"அண்ணி, கொஞ்சம் வெளிய வாங்க. பேசணும்."

"எதுக்கு வெளிய? இங்கயே சொல்லுங்க."

"இல்ல அண்ணி. இங்க வேண்டாம்."

"ஏன் இங்க வேண்டாம்? நாம எப்பவும் இங்கதானே..."

அண்ணி அங்கேயே நிறுத்தினாள். கையிலிருந்த துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இவள் முகத்தைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், திரும்ப இவள் முகத்தைப் பார்த்தாள். அண்ணி துணியைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு, சத்தமில்லாமல் அறையைவிட்டு வெளியே வந்து, வராந்தாவின் கடைசிவரை நடந்து, படிக்கட்டில் உட்கார்ந்தாள்.

இவள் எல்லாவற்றையும் சொன்னாள். சராசரியைப் பற்றி, தலைமையாசிரியையைப் பற்றி, பழைய வரிகளைப் பற்றி. முடித்தபிறகு அண்ணி ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்போ, அன்னைக்கு நகம் வெட்டும்போது நான் பேசினது?"

"கேட்டிருக்கும் அண்ணி."

"நீ சொன்னியே. நிச்சயம்னு சொன்னியே." வந்த நாளிலிருந்து போட்ட 'நீங்க' எல்லாம் அந்தப் படிக்கட்டில் உதிர்ந்துபோயிற்று. "நீ சொன்னதை நம்பித்தானடி பேசினேன்! அவர் கையைப் பிடிச்சுக்கிட்டே பேசினேனே! இன்னொருத்தரைக் கட்டிக்கட்டுமான்னு அவர் விரலைப் பிடிச்சுக்கிட்டே கேட்டேனே! படிச்சவ, உனக்குத் தெரியும்னு நெனச்சேனே!" வாயில் தலைப்பை அடைத்துக்கொண்டு குலுங்கினாள். இவள் அவள் தோளைத் தொடப் போனாள். அண்ணி தட்டிவிட்டாள்.

இவள் அடுத்த படியில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டாள். கீழே யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வெகுநேரம் கழித்து அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்போ மறுபடி பார்த்தேன்னியே. அத்தை கூப்பிட்டா வர்றாரா?"

"வர்றான்."

"நீ கூப்பிட்டா?"

"ம்."

"என் குரலுக்கு?"

இதற்காகத்தான் இவள் பயந்துகொண்டிருந்தாள். வருகிறான் என்று சொல்லிவிடலாம். பழைய பதிவில் வந்தவன்தானே, முழுப்பொய்யும் இல்லை. அதைக் கேட்டு அண்ணி கொஞ்சம் ஆறுவாள். ஆறி, ஆயுசு முழுக்க அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிடுவாள். வரவில்லை என்றால் என்ன ஆகுமோ, கடவுளே! ஒரு தடவை இந்த முகத்தைப் பார்த்து, பார்க்காத ஒன்றை நிச்சயம் என்று சொல்லியாயிற்று. இன்னொரு தடவை இவளால் முடியவில்லை.

"வரல அண்ணி. பல தடவை போட்டுப் பார்த்தேன். முன்னாடி வந்தது, இப்ப உங்க குரலுக்கு மட்டும் வரல. ஏன்னு எனக்குத் தெரியல. சத்தியமாத் தெரியல."

அண்ணியின் முகத்தில் வந்தது இவள் பயந்த எதுவுமில்லை. அழுகைக்கு நடுவிலேயே, எதையோ கண்டுபிடித்துவிட்டவள்போல் தலையை ஆட்டினாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "கோவம். கோவம் வந்தா அவர் அப்படித்தான், நான் கூப்பிட்டா திரும்ப மாட்டார். ஊர்ல இருக்கறவங்க எல்லார்கிட்டயும் பேசுவார், என்கிட்ட மட்டும் வாயைத் திறக்க மாட்டார். ஒரு தடவை நாலு நாள் பேசல தெரியுமா?" எழுந்துகொண்டாள். "உள்ள இருக்கார்டீ. முழுசா இருக்கார்."

"அண்ணி, அப்படி நிச்சயமா..."

"நீ சும்மா இரு. உன் நிச்சயத்தைப் பார்த்தாச்சு."

விறுவிறுவென்று நடந்தாள். இவள் பின்னாலேயே ஓடினாள். அண்ணி அறைக்குள் போய், கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவன் பார்வை ஜன்னல் பக்கம் எங்கோ இருந்தது. இவள் பழக்க தோஷத்தில், மூலையில் விட்டுவைத்திருந்த கருவியை முடுக்கி ஒயர்களைக் கையில் எடுத்தாள். நேரடிக் குரல், நீண்ட இடைவெளி, வரி வரியாகப் பார்த்தால் ஒருவேளை...

"அதை அணை" என்றாள் அண்ணி, திரும்பாமலேயே.

"இல்ல அண்ணி, இப்ப வந்தாலும் வரும். வந்தா நமக்குத் தெரிய வேண்டாமா?"

"புருஷன் பெண்சாதி சண்டைக்கு நடுவுல அது எதுக்கு? மாஸ்டர் விஷயம், வக்கீல் விஷயம், என்ன உண்டோ அதை நான் அவர்கிட்டயே பேசிக்கறேன். ஒளிவு மறைவு இல்லாம, முகத்துக்கு நேரா பேசறேன். என்ன முடிவோ அது அப்புறம். நீ வெளிய போ."

இவள் கருவியை அணைத்தாள். ஒயர்களைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். உள்ளே அண்ணி, "என்னங்க" என்றாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மறுபடி, "என்னங்க". அப்புறம் அவள் தணிந்த குரலில் பேச ஆரம்பித்தாள், என்ன பேசினாள் என்று வெளியே கேட்கவில்லை.

இவளுக்கும் அவனிடம் சொல்ல வேண்டியிருந்தது. உள்ளே போய் அவன் காலைப் பிடித்துக்கொண்டு, டேய் அண்ணா, நான்தான்டா உன்னை இல்லைன்னு சொன்னேன் என்று கதற வேண்டும்போல் இருந்தது. ஆனால் உள்ளே இன்னும் பேச்சு முடியவில்லை. இவள் ஒயர்ச் சுருளை மடியில் வைத்துக்கொண்டு, கதவுக்கு எதிரே இருந்த பெஞ்சில், தன் முறை வருவதற்காக உட்கார்ந்தாள்.